கீழே வைக்கமுடியாத பிளா

…முட்டையும் பாணும் ஆறு முப்பத்தைந்துக்கு, தண்ணீர் ஒரு மிடறுகூட இல்லை, இப்போது ஏழு பத்து, அப்படியென்றால் முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது, நீர்வேலியில் இறங்க ஏழரை, ஒழுங்கையால் நடக்கப் பத்து நிமிடம், ஆக அறுபத்தைந்து, வியாழக்கிழமை அறுபது நிமிடத்துக்கே எல்லாம் சரிவந்தது, ஐந்து நிமிடம் கையில் மிச்சம்… ஸ்ரெல்லா அப்பாவின் கைமணிக்கூட்டை மேலே தள்ளிவிட்டாள், அது வழுக்கிக்கொண்டு மறுபடி மணிக்கட்டுக்கு வந்தது. பருத்தித்துறை பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்ப அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலமை, முதற்பூசை முடிந்த கையோடு, ஒரு ஓலைப் பிளா கருப்பணி, பனையால் இறக்கின இனிப்புத் தண்ணீர், குடிக்கவென்று குருநகரிலிருந்து பஸ் ஏறிப் போகிற ஒருத்தியை யாராவது கண்டிருக்கிறார்களா, அதுவும் சோதனை எழுதப் போகிறவள் மாதிரி நிமிடக் கணக்குப் பார்த்துக்கொண்டு… பக்கத்தில் கத்தரிக்காய்க் கடகத்தோடு இருந்த மனிசி திரும்பிப் பார்த்தாள். வாய்விட்டே சிரித்துவிட்டாளோ? பார்க்கட்டும். கைப்பைக்குள் கொப்பி இருக்கிறது, தொட்டுப் பார்த்தாள், இருக்கிறது. மார்கழியிலிருந்து எழுதுகிற கொப்பி, ஒருநாளும் விடாமல். விட்டிருக்கிறாளா? தைப்பொங்கலன்று இரவுச் சாப்பாட்டை மறுநாள்தான் எழுதினாள், அதை விட்டதாகக் கணக்கெடுப்பதா இல்லையா… இல்லை, அது பிந்தினது, விட்டதில்லை.

வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. இப்படி ஒரு வசனத்தைத் தன்னைப் பற்றி நினைக்க இப்போது பழகிவிட்டது, முதலில் நினைக்கும்போதெல்லாம் கை தானாகப் போய்த் தையல் தழும்பைத் தொடும். கார்த்திகையில் வயிற்றுப் புண் வெடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டோடி, கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற நாள் டொக்டர் கட்டிலருகே நின்று, “மிச்சம் இருக்கிறது ஒரு சின்னப் பேணியளவு, பிள்ளை, அதுக்குள்ளைதான் இனிச் சீவியம். எது தாங்கும் எது தாங்காது எண்டு நான் சொல்லேலாது, நீர்தான் பாத்து எழுதி வைக்கவேணும்” என்றார். எழுது என்று சொன்னால் போதுமே அவளுக்கு. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள், நேரம், சாப்பாடு, அளவு, ஈரமா காய்ந்ததா, எத்தனை நிமிடத்தில், என்ன நடந்தது, கடைசி நிரல் சந்தேகம். தையில் பின்னேர வகுப்பில் சேர்ந்து சுருக்கெழுத்துப் பிடிபட்டதும் கொப்பியையும் சுருக்கெழுத்துக்கு மாற்றினாள், அம்மா தூக்கிப் பார்த்தாலும் புழு நெளிந்த மாதிரித்தான் தெரியும். அம்மாவுக்கு எதற்குத் தெரியவேண்டும், அவளுக்கு ஒரே வைத்தியம், “மாதாவே, என்ரை பிள்ளை காஞ்சு கருவாடாப் போச்சு” என்று வீட்டுக் கூப்பன் சீனி முழுவதையும் இவளுடைய முட்டைக் கோப்பிக்குள் கொட்டுவாள், அப்பாவும் தானும் வெறுந் தேத்தண்ணி குடிப்பார்கள். குடித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வரும். நெஞ்சு படபடவென்று அடித்து, நெற்றியும் கழுத்தும் வேர்த்து, காது அடைத்து, எங்கே நின்றாலும் படுத்தே ஆகவேண்டும் என்கிற மாதிரி ஒரு தளர்வு… அம்மா விசிறிக்கொண்டே, “பாத்தியே, உடம்பிலை ஒரு சத்தில்லை” என்பாள். அடுத்த கோப்பிக்கு இன்னும் ஒரு கரண்டி சீனி. சந்தேக நிரலில் இவள் மீன் என்று எழுதினாள், மிளகாய் என்று எழுதினாள், சொதி, பிட்டு, ஒருநாள் வெயில் என்றுகூட எழுதினாள். சீனியை யார் சந்தேகப்படுவார்கள்? வருத்தக்காரருக்குக் கொடுக்கிற சாமான் அல்லவா சீனி.

கண்டுபிடித்தது விபூதிப் புதன் கழிந்துதான், அந்த விளையாட்டை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் துள்ளுகிறது. பங்குச் சுவாமி சொல்லிவிட்டார், ஆஸ்பத்திரியால் வந்த பிள்ளைக்குத் தபசுகாலத்து ஒருசந்தி நோன்பு இல்லையென்று. ஒன்றும் ஒறுக்காமல் எப்படி நாற்பது நாளைக் கடத்துவது என்று மனம் உறுத்தி, யோசித்து, சரி, சீனி வேண்டாம், பாஸ்குத் திருநாள் வரைக்கும் சீனி வாயில் வைக்கமாட்டேன் என்று நேர்ந்தாள். அம்மா அழுதாள். புதன் ஒன்றும் வரவில்லை. வியாழன் வரவில்லை. வெள்ளி ஒட்டி மீன் குழம்பு, பத்து நிமிடம், பதினைந்து, இருபது, மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், வரவில்லை! மூன்று நாள். அன்றிரவே கொப்பியை முதற்பக்கத்திலிருந்து புரட்டி, நெஞ்சடிப்பு வந்த ஒவ்வொரு வரியிலும் சீனியைச் சிவப்புப் பேனையால் சுழித்துக்கொண்டு போனாள், சுழித்துச் சுழித்துப் பேனை மை முடியுமட்டும். கள்ளன் இத்தனை நாளும் வீட்டுக்குள்ளேயே, அம்மாவின் கரண்டியில்… எவ்வளவு சந்தோசம், எவ்வளவு பெரிய சந்தோசம், மீன் குற்றவாளியில்லை, மிளகாய் இல்லை, இனிக் கடலில் இருக்கிற எல்லாவற்றையும் கொஞ்சங் கொஞ்சமாய்ச் சாப்பிடலாம்! அந்தச் சந்தோசத்தின் நடுவில்தான் வகுப்புச் சிநேகிதி பத்மாசினியின் முகம் வந்தது. அட, அதுதானே! அதுதான் அண்டைக்குக் கை நீளவில்லை! வயிற்றுக்கு முதலே தெரிந்திருக்கிறது, வயிறுதான் வேண்டாமென்று சொன்னது, நானில்லை, வயிறு…

அண்டைக்கு என்பது அந்த விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு. பத்மாசினி வகுப்பில் பக்கத்து ரைப்ரைற்றர்க்காரி, ஒரு மாதமாய் இருவரும் மாறிமாறி ஒருத்திக்கு மற்றவள் வாசித்து எழுதிப் பழகுகிறவர்கள், சித்திரையில் சோதனை. “எங்கடை வீட்டை வகுப்புப் பெட்டையள் ஒருத்தரும் வாறேல்லை, நீர் வருவீரோ?” என்று பாதி பகிடியாய்க் கேட்டாள். ஏன் ஒருவரும் வருவதில்லை என்று ஸ்ரெல்லாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி, “ஏன் வராமல், வாறன்” என்றாள். தகப்பன் கந்தப்பு பனை ஏறிச் சீவுகிறவர். அன்றைக்கு அவர் சுண்ணாம்பு தடவின முட்டியிலிருந்து அப்போதுதான் இறக்கின கருப்பணியை ஓலைப் பிளாவில் வார்த்து நீட்டினார். தேன் மாதிரி இருக்கும் பிள்ளை, குடியுங்கோ… இவள், “வேண்டாம், இப்பதான் வீட்டிலை குடிச்சிட்டு வந்தனான்” என்றாள். நீட்டின கை கொஞ்சநேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு தாய் சிவக்கொழுந்து, எத்தனையோ தடவை இதைச் செய்து பழகினவள் போல, ஒரு கோபமும் இல்லாமல், “பத்மா, ஓடிப்போய் ஒரு சோடா வாங்கியந்து குடடி” என்றாள். பத்மாசினி முடக்குக் கடைக்கு ஓடினாள். ஒரேஞ்பார்லிச் சோடா, போத்தலோடு கொடுத்தார்கள், கிளாஸ் கொண்டுவரவில்லை. இவள் வாங்கிக் குடித்தாள். அதுதான், அதுதான் பிழை, வேண்டாமென்று சொன்னதோடு நின்றிருந்தால்கூட ஏதும் சாட்டுச் சொல்லியிருக்கலாம், பிளாவை மறுத்துப் போத்தலை வாங்கினால் அதற்கு இந்த ஊரில் ஒரே ஒரு அர்த்தந்தான். தங்கள் கைபட்ட ஏனத்தில் வாய்வைக்காத ஆட்களுக்குத்தானே அவர்கள் சோடா வாங்குவது…

செவ்வாய் வகுப்புக்குப் போனால் பத்மாசினி வரிசையின் அந்தத் தொங்கலில், எழுத்து ஒட்டுகிற பழைய மெசினில் இருந்தாள். சோமசேகரம் மாஸ்ரர் வாசிக்க வாசிக்க இவளுடைய கை எழுதிக்கொண்டே போனது, காது மட்டும் அந்தத் தொங்கலில் கிடந்தது. வகுப்பு விட்டதும் பின்னால் ஓடிப்போய், ஏன் இடம் மாறினீர் என்று கேட்டாள். பத்மாசினி நிற்கவில்லை. “அண்டைக்குச் சோடா மூடியை நான் பல்லாலைதான் கடிச்சுத் திறந்தனான், தெரியுமே? வீட்டை போய்த் தலை முழுகினீரோ?” அப்படியே சிரித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள், சிரித்ததுதான்… உண்மையைச் சொல்ல எத்தனை சொல்லு வேண்டும்? எனக்கு வயித்திலை வெட்டினது. மூன்று சொல்லு. ஆனால் அம்மா மாதா சுரூபத்தில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள், “வெட்டின கதை வெளியிலை போச்சுதெண்டால் உன்னை ஆர் கேட்டு வருவினம், அரை வயித்துக்காரி எண்டு பேர் வைச்சிடுவினம்.” சொல்லவும் ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது. அப்படியென்றால் ஒரு வழிதான், போய்க் குடிப்பது.

குடிக்கப் பழகுவது! அங்கேதான் கொப்பி கைகொடுத்தது. கருப்பணி காய்ச்சினதுதானே பனங்கட்டி, அதில் ஒரு குட்டான் வாங்கி, தண்ணீரில் கரைத்து, மூக்குப்பேணியில் அளந்து… தபசுகாலத்தில் சீனி ஒறுத்துவிட்டுப் பனங்கட்டி கரைத்துக் குடிப்பது நேர்த்தியை மீறுவதா? இது குடிக்கிறது இல்லை, படிக்கிறது. அப்படிச் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்தினாள், முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. சனிக்கிழமை கால் பேணி, பன்னிரண்டாம் நிமிடம் அடித்துப்போட்டது. ஞாயிறு கால் பேணி, இரண்டு இரண்டு மிடறாய், பதினைந்தாம் நிமிடம். திங்கள் முதலில் காய்ந்த பாண், பிறகு. செவ்வாய் பாணும் முட்டையும், அரைமணி பொறுத்து. ஒவ்வொருநாளும் கொஞ்சம், நெஞ்சடிப்பு நூற்றி முப்பதிலிருந்து நூற்றிப் பத்துக்கு… இந்த வியாழக்கிழமை, பாண், முட்டை, அறுபது நிமிடம், பிறகு கால் பேணியை இரண்டு மிடறுக்கொருக்கால் கீழே வைத்து வைத்து இருபது நிமிடத்தில் குடித்து முடிக்க, காது கொஞ்சம் சூடானது, அவ்வளவுதான்! அடுப்படிக்குள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். “என்னடி, ஏதும் பாஸ் பண்ணிட்டியோ?” “ஓமணை, பாஸ்!”

நீர்வேலி. இறங்கும்போது ஏழு இருபத்தெட்டு, இரண்டு நிமிடம் முன்னுக்கு. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒழுங்கையில் அவள் நடந்தாளா ஓடினாளா, ஓடக்கூடாது, குலுங்கினால் முட்டை கீழிறங்கிவிடும், அப்படியும் இருக்குமா, தெரியாது, அதை இன்னும் சோதிக்கவில்லை… வேலிக்கு மேலாகக் கந்தப்பு பனையால் இறங்குவது தெரிந்தது, இடுப்பில் முட்டி ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு சரியான நேரம்! படலையைத் தள்ளினாள். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த சிவக்கொழுந்து நிமிர்ந்து, விளக்குமாற்றைக் கீழே போட்டு, சேலையை இழுத்து மூடி, “வாங்கோ பிள்ளை, வாங்கோ” என்றாள், பிறகு வீட்டுக்குள் பார்த்து, “பத்மா, உன்ரை சிநேகிதி வந்திருக்கு, கடை திறந்திட்டுதோ எண்டு பாரடி.” குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே பார்க்கச் சொன்னாள், அதுதான் குத்தினது. “சோடா வேண்டாமெணை! கருப்பணி குடிக்கத்தான் வந்தனான்!” ஏன் இவ்வளவு பெரிதாய்க் கத்தினாள், மேய்ந்துகொண்டிருந்த கோழி இரண்டு சிதறி ஓடின. வாசலில் ஈரத் தலையோடு பத்மாசினி வந்து கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள். கந்தப்புதான் முதலில் சிரித்தார். “குருநகராலை பஸ் ஏறிக் கருப்பணிக்கோ வந்தது? அப்ப சின்னப் பிளா காணாது.” பச்சை ஓலையைக் கிழித்து, நாலு மடிப்பு, ஒரு கட்டு, கண் மூடித் திறப்பதற்குள் பிளா. முட்டியைச் சரித்து முட்ட முட்ட வார்த்தார். ஸ்ரெல்லா இரண்டு கையாலும் வாங்கினாள். மணிக்கூட்டைப் பார்த்தாள், ஏழு நாற்பத்திரண்டு. ஓலை குளிர்ந்தது. இனி, இரண்டு மிடறு, கீழே வைக்கவேண்டும், ஒரு நிமிடம் பொறுக்கவேண்டும்…

கீழே எங்கே வைப்பது? பிளாவுக்கு அடியில்லை. அது கையில் இருக்கும்வரைதான் பாத்திரம், நிலத்தில் வைத்தால் சரிந்து ஊற்றிவிடும், குடித்து முடிக்குமட்டும் பிடித்தபடி நிற்கவேண்டும்… ஆறு வரி, ஏழு நிரல், ஒரு வரியிலாவது இதை எழுதினாளா? பேணியில் படித்தவள்! வீட்டில் கூழ் காய்ச்சினால் இதே பிளாவில்தானே ஊற்றுவார்கள், சின்ன வயதிலிருந்து எத்தனை பிளா பிடித்திருக்கிறாள், அது எப்படி ஞாபகத்துக்கு வராமல் போனது, விசரி, படித்த விசரி… மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிளாவின் விளிம்பால் ஒரு துளி வழிந்து முழங்கைவரை ஓடியது. சரி. ஒரு மிடறு. அம்மாடி! பனங்கட்டித் தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், பச்சை ஓலை மணம், சுண்ணாம்பின் சின்னக் கார்ப்பு, அதற்குள்ளிருந்து மெல்ல எழும்பி நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடிக்கிற இனிப்பு, குளிர்ச்சி நெஞ்சுக்குள் இறங்கிப்போகிற வழி தெரிந்தது. இரண்டு. மூன்று. நிற்பாட்டவேண்டும். நாலு. “மெல்லக் குடியும், ஒருத்தரும் பறிக்கேல்லை.” பத்மாசினி! இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் கதை! ஸ்ரெல்லாவுக்குச் சிரிப்புப் புரைக்கேறியது, சிரித்துக்கொண்டே குடித்தாள், குடித்துக்கொண்டே சிரித்தாள், தாடையால் வழிய வழிய, பிளா நிமிர்ந்து ஓலையின் நரம்பு தெரியுமட்டும் குடித்தாள். மூன்று நிமிடங்கூட ஆகவில்லை. கந்தப்பு மறுபடி முட்டியைச் சரிக்க வந்தார். “காணும் ஐயா, காணும்!” “என்ன காணும்? எங்கடை இவள் உந்த அளவிலை மூண்டு குடிப்பாள்.” “அப்பு, என்ரை மானத்தை வாங்காதேங்கோ” என்று பத்மாசினி சொல்லி, பாயை இழுத்துப் போட்டுத் தானும் பக்கத்தில் இருந்தாள். எல்லாம் சரி! எல்லாம் சரிவந்துவிட்டது! சோமசேகரம் மாஸ்ரர் தும்மலுக்கு நடுவே வாசித்த கடிதத்தில் தும்மலையும் சேர்த்து எழுதினவளைப் பற்றிக் கதைத்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிரிப்பின் நடுவில் இவள் ஓரக்கண்ணால் மணிக்கூட்டைப் பார்த்தாள், ஏழு ஐம்பத்திரண்டு, ஏழு ஐம்பத்து மூன்று, ஒருவேளை வராது, ஒருவேளை சந்தோசத்துக்கு அப்படி ஒரு…

வந்தது. ஏழு ஐம்பத்தைந்து. இவ்வளவு பலமாய் ஒருநாளும் வந்ததில்லை, நெஞ்சுக்குள் றெயில் ஓடுகிற மாதிரி, பத்மாசினியின் முகம் தூரத்தில் போய் நின்று வாயசைத்தது. சிவக்கொழுந்து ஓடிவந்து, “ஐயோ, பிள்ளை வெளிறிப்போச்சு, வேர்க்குது, இஞ்சாருங்கோ, முட்டிக்குள்ளை ஏதும் விழுந்து கிடந்ததோ? பல்லி கில்லி… ஐயோ, அவையின்ரை பிள்ளைக்கு எங்கடை வீட்டிலை ஏதும் நடந்திட்டுதெண்டால்…” கந்தப்பு முட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்து, தானே ஒரு மிடறு வாயில் ஊற்றினார். அதைக் கண்டபிறகு எந்தச் சத்தியம் நிற்கும்? “உங்கடை கருப்பணியிலை ஒண்டுமில்லை… எனக்கு வயித்திலை வெட்டினது.” மூன்று சொல்லு. மாதாவே, மன்னித்துக்கொள். “இனிப்புக் கூடினால் இப்பிடித்தான், கொஞ்சம் படுக்கவேணும், பிறகு தானாய்ப் போயிடும்.” சிவக்கொழுந்து நம்பாமல் பார்த்தாள், பிறகு உள்ளே ஓடித் தலையணை கொண்டுவந்தாள், நல்லெண்ணெய் மணத்த தலையணை, யாரோ தினமும் தலைவைக்கிற பள்ளம் அதில் இருந்தது. “படு மோனை, படு.” பத்மாசினி விசிறிக்கொண்டே திட்டத் தொடங்கினாள். “விசரி, அரை விசரியில்லை, முழு விசரி! உதைச் சொல்லியிருந்தால் நான் ஏன் அந்த ஒட்டுற மெசினிலை கிடந்து சாகிறன்? தெரிஞ்சுகொண்டு வந்து குடிச்சீரோ, இப்பிடி வரும் எண்டு தெரிஞ்சுகொண்டு?” பிறகு விசிறுவதை நிறுத்தி, மெதுவாக, “அப்ப அண்டைக்கும் வயிறுதானே?” “ஓம்.” “நான் வேறை மாதிரி நினைச்சிட்டன் மோனை, கோவியாதை” என்றாள் சிவக்கொழுந்து, ஈரத்துணியை நெற்றியில் வைத்து, “எங்களுக்கு எல்லாத்திலையும் அப்பிடித்தான் நினைக்கத் தோண்டுது.”

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். வேர்வையில் காற்றுப் பட்டுக் குளிர்ந்தது, எவ்வளவு சுகம், ஒருவர் வீட்டில் சாப்பிடுவது என்ன, குடிப்பது என்ன, அவர்கள் தலையணையில் படுத்துக் கிடக்கிறாள், ஒளிக்க ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போனதும் எழுதவேண்டும், பங்குனி பதினெட்டு, கருப்பணி, ஒரு முழுப் பிளா, மூன்று நிமிடம், பதின்மூன்றாம் நிமிடம் நெஞ்சடிப்பு, சந்தேகம்… சந்தேகம் ஒன்றுமில்லை, இனிப்பு. அதற்கு மேலே இரண்டு பக்கம் தள்ளி, பங்குனி நாலு, அந்த ஞாயிறு. அந்த வரியையும் சிவப்பால் சுழித்தாள்தானே? சுழித்தாள். என்ன எழுதியிருந்தது? கண்ணுக்குள் சுருக்கெழுத்துக் கோடுகள் வந்தன, தடித்த கோடு, மெல்லிய கோடு. காலை ஏழு, முட்டைக் கோப்பி, சீனி மூன்று கரண்டி. ஒன்பதே கால், ஒரேஞ்பார்லி, ஒரு போத்தல், முழுவதும். பஸ்ஸில் நெஞ்சடிப்பு. சந்தேகம், வெயில்… வெயில் என்று எழுதியிருந்தாள். ஏனென்றால் நாலாம் திகதி சீனியை அவளுக்குத் தெரியாது. ஏழாம் திகதிதான் விபூதிப் புதன், அதற்குப் பிறகுதான்… நாலாம் திகதி அவளுக்கு மீனில் பயம், மிளகாயில் பயம், இனிப்பில் ஒரு பயமும் இல்லை. சோடாவும் இனிப்புத்தானே. சோடாவைக் கடைசித் துளிவரை குடித்தாளே. அப்படியென்றால் பிளாவுக்கு நீளாத கை போத்தலுக்கு ஏன்… வயிற்றுக்கு முதலே தெரிந்திருக்குமோ? வயிற்றுக்குத் தெரிந்திருந்தால் போத்தலையும் அல்லவா வேண்டாமென்று சொல்லியிருக்கும்? பின்னே யார் சொன்னது?

“இன்னும் அடிக்குதோ?” பத்மாசினி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், விரல்கள் ஈரமாய் இருந்தன. “எவ்வளவு நேரம் அடிக்கும் வழக்கமா?” “இருபது நிமிசம்.” “பயமில்லைத்தானே?” “இல்லை.” படலைக்கு வெளியே கந்தப்பு அடுத்த பனைக்குப் போகக் கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்டது. ஸ்ரெல்லா கையைத் திருப்பி அப்பாவின் மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டு இருபத்தெட்டு. வேர்வை எப்போதோ காய்ந்துவிட்டது, காது அடைப்பில்லை, நெஞ்சு மட்டும் நிற்காமல் அடித்தது. முப்பத்து மூன்று நிமிடம். கொப்பியில் ஒரு வரியிலும் இருபதைத் தாண்டினது இல்லை.